இரவில் மணம் தேடி வரும் அந்துப்பூச்சி: ஓர் ஆரஞ்சுத் தோட்டம் கற்றுத் தந்த பாடம்

(ஏற்காடு மலைப் பகுதியில் ஆற்றிய ஜுமுஆ உரையின் எழுத்து வடிவம்)

 



ஜுமுஆவுக்கு வரும்போது குளித்து, சுத்தமான உடை உடுத்தி, இருக்கும் நறுமணத்தைப் பூசிக்கொண்டு வருகிறோம். ஸல்மான் பாரிஸீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸில் நாயகம் (ஸல்) அவர்கள் இதற்குப் பெரிய நன்மையைச் சொல்லியிருக்கிறார்கள் (நூல்: புகாரி). அந்த ஹதீஸில் இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன், மறந்துவிடாதீர்கள்.

இன்று மணத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். நாம் பூசும் அத்தரைப் பற்றி இல்லை. பூவிலிருந்தும் பழத்திலிருந்தும் இலையிலிருந்தும் அல்லாஹ் காற்றில் அனுப்பும் மணத்தைப் பற்றி. கோடை மழை விழுந்து ஒன்பது பத்து நாளில் இந்த மலை முழுக்கக் காபி பூக்கிறதே, அந்த இரண்டு மூன்று நாள் ஊரெல்லாம் மல்லிகை மணம் போல வீசுகிறதே, அதை அனுபவிக்காதவர் இங்கே யாரும் இல்லை. நமக்கு அது இன்பம். ஆனால் ஒரு பூச்சிக்கு மணம் என்பது வழி, முகவரி, உணவு, பிள்ளைக்குத் தொட்டில். இதை நான் கிதாபில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என்னுடைய ஒரு தவறிலிருந்து தெரிந்துகொண்டேன்.

ஒரு பெரியவரும் உதிர்ந்த பழங்களும்

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு பெரியவர் அஸருக்குப் பிறகு என்னிடம் வந்தார். கையில் ஒரு பையில் ஏழெட்டு ஆரஞ்சுப் பழம். வெளியே பார்க்க நல்ல பழம். விரலால் அழுத்தினால் ஓரிடத்தில் மெத்தென்று உள்ளே போகிறது. உற்றுப் பார்த்தால் அங்கே குண்டூசியால் குத்தியதுபோல் ஒரு துளை.

"ஹஜ்ரத், தோட்டம் முழுக்க இப்படித்தான் விழுது. பறிக்க இன்னும் பத்து நாள்தான் இருந்துச்சு. யாரோ கண்ணு வச்சிட்டாங்க. ஏதாவது ஓதிக் கொடுங்க" என்றார்.

"யார் பாய் கண் வைக்கப் போறாங்க?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார். அவருடைய தோட்டமும் தம்பியுடைய தோட்டமும் அடுத்தடுத்து இருக்கின்றன. அண்ணனுடையது காட்டோரம், தம்பியுடையது ரோட்டோரம். போன வாரம் தம்பி மனைவி வந்து மரத்தைப் பார்த்து, "இந்த வருஷம் எவ்வளவு காய் மச்சான்!" என்று சொன்னாராம். அதற்கு அடுத்த வாரமே பழம் உதிர ஆரம்பித்துவிட்டது. தம்பி தோட்டத்தில் அந்த அளவுக்குச் சேதம் இல்லை. இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும் என்பது அவர் எண்ணம்.

நான் என்ன செய்தேன்? தண்ணீரில் ஓதிக் கொடுத்தேன். துஆ செய்தேன். "சபூர் செய்யுங்கள்" என்றேன். ஓதியது தவறில்லை, துஆவும் தவறில்லை. ஆனால் அந்தப் பழத்தில் ஏன் துளை இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. தம்பி மனைவி மேல் பழி போடாதீர்கள் என்றும் சொல்லவில்லை. ஒரு ஆலிமாக அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய முதல் வார்த்தை அதுதான். நான் மௌனமாக இருந்ததை அவர் ஒப்புதலாக எடுத்துக்கொண்டு போனார். அந்த மாதமே இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை நின்றது. ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நின்று தொழுத அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு மூலையில் நிற்க ஆரம்பித்தார்கள்.

டார்ச் வெளிச்சத்தில் கண்டது

அந்தத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு முதியவர் இருந்தார். இந்த மலையின் பூர்வகுடிகளான மலையாளி மக்களைச் சேர்ந்தவர். ஒரு நாள் பெரியவரைப் பார்க்க நான் தோட்டத்துக்குப் போனபோது அவர் சொன்னார்: "ஐயா, பகல்ல பாத்தா ஒண்ணும் தெரியாது. இருட்டினப்புறம் வந்து பாருங்க. எங்க அப்பன் காலத்துல இருந்தே வர்ற பூச்சிதான்."

மஃரிப் தொழுதுவிட்டுப் போனோம். டார்ச் அடித்தபோது பழத்தின் மேல் ஒரு காய்ந்த இலை ஒட்டியிருப்பதுபோல் இருந்தது. கிட்டப் போனதும் அந்த இலை படபடவென்று விரிந்தது. முன் இறக்கை சருகு நிறம். உள்ளே பின் இறக்கை நல்ல ஆரஞ்சு மஞ்சள், அதில் கறுப்புக் கறை. அதன் வாயிலிருந்து ஒரு குழாய் பழத்துக்குள் இறங்கியிருந்தது. பழச்சாறு உறிஞ்சும் அந்துப்பூச்சி! அறிவியலில் இந்த இனத்தை யூடோசிமா என்று அழைக்கிறார்கள்.

பொதுவாக அந்துப்பூச்சிகளில் சேதம் செய்வது புழுதான். தாய்ப்பூச்சி பூவில் தேன் குடித்துவிட்டுப் போய்விடும். இந்த இனத்தில் தாய்ப்பூச்சியே சேதம் செய்கிறது. அதன் உறிஞ்சுகுழாயின் நுனி கெட்டியாக, முள் வைத்ததுபோல் இருக்கிறது. ஆரஞ்சுத் தோலையே துளைத்துவிடும். அது குடிக்கும் சாறு கொஞ்சம்தான். ஆனால் அது போட்ட துளை வழியாகப் பூசணமும் கிருமிகளும் உள்ளே போய், சில நாளில் பழம் அழுகி விழுந்துவிடுகிறது.

இதன் புழு எங்கே வளர்கிறது? ஆரஞ்சு மரத்தில் தேடினால் கிடைக்காது. அது தின்பது சீந்தில் கொடியின் இலையை, கட்டுக்கொடி போன்ற அதன் உறவுக் கொடிகளின் இலையை. சீந்தில் எங்கே இருந்தது தெரியுமா? அந்தப் பெரியவரின் சொந்த வேலியில்! காட்டோரம் முழுக்கப் படர்ந்து, மரத்தின் மேலேயும் ஏறியிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தோம். உடம்பின் பக்கத்தில் கண் போன்ற புள்ளிகளோடு புழுக்கள் வளைந்து தொங்கிக்கொண்டிருந்தன.

தம்பி வீட்டின் "கண்"ணைத் தேடிக்கொண்டிருந்த அவருக்கு அல்லாஹ் அவர் வேலியிலேயே இந்தக் கண்ணைக் காட்டினான். பெரியவர் அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

மணம் எப்படி வழிகாட்டுகிறது?

சகோதரர்களே! இருட்டில், மலையில், ஆயிரக்கணக்கான செடிகளுக்கு நடுவில், தனக்கு வேண்டிய ஒன்றை அந்தப் பூச்சி எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அதன் தலையில் இரண்டு உணர்கொம்புகள் இருக்கின்றன. நமக்கு மூக்கு எப்படியோ, அதற்கு அந்தக் கொம்பு அப்படி. அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மயிர்கள் ஏராளம். ஒவ்வொரு மயிரிலும் மிக நுண்ணிய துளைகள். மணத்தின் துகள் அந்தத் துளை வழியாக உள்ளே போய் நரம்பைத் தொடுகிறது. எந்த மணத்துக்கு எந்த நரம்பு என்பதும் வகுக்கப்பட்டிருக்கிறது.

மணம் கிடைத்ததும் பூச்சி காற்றை எதிர்த்துப் பறக்கும். காற்று எங்கிருந்து வருகிறதோ அங்கேதானே பூவும் பழமும் இருக்கும்! ஆனால் காற்றில் மணம் ஒரே கோடாக வருவதில்லை. ஊதுபத்திப் புகையைப் பாருங்கள்; சுருள் சுருளாக, விட்டு விட்டுத்தான் வரும். மணம் விட்டுப்போன இடத்தில் பூச்சி நேராகப் போகாது. இடமும் வலமும் அலைந்து தேடும். மீண்டும் மணம் கிடைத்ததும் முன்னே போகும். இப்படி வளைந்து வளைந்தே இலக்கை அடைகிறது.

பல பூக்களின் மணத்தில் பீனைல் அசெட்டால்டிஹைட் என்ற ஒரு பொருள் இருக்கிறது. இரவில் பறக்கும் பல அந்துப்பூச்சிகளுக்கு அதுதான் அழைப்பு. "இங்கே தேன் இருக்கிறது" என்று சொல்வதுபோல. தேன் குடிக்க ஒரு மணம், முட்டையிட வேறொரு செடியின் மணம் என்று தாய்ப்பூச்சி பிரித்து அறிகிறது. நம் தோட்டத்துப் பூச்சியையே பாருங்கள். அதன் பசிக்குப் பழம், அதன் பிள்ளைக்குச் சீந்தில். தான் தின்னாத இலையைத் தன் பிள்ளைக்காகத் தேடிப் போகிறது. அந்தப் பிள்ளையை அது பார்க்கப் போவதும் இல்லை!

இறைவன் யார் என்று பிர்அவ்ன் கேட்டபோது மூஸா (அலை) அவர்கள் சொன்ன பதிலைத் தாஹா அத்தியாயத்தில் ஓதுகிறோம் (20:50). ஒவ்வொன்றுக்கும் அதன் அமைப்பைக் கொடுத்து, பிறகு அதற்கு வழியும் காட்டியவனே எங்கள் இறைவன் என்பது அந்தப் பதிலின் கருத்து. அமைப்பு வேறு, வழிகாட்டல் வேறு. உணர்கொம்பு அமைப்பு; இந்த மணத்தின் பின்னால் போ என்பது வழிகாட்டல். இதே வழிகாட்டலைத்தான் தேனீயைப் பற்றி அந்நஹ்ல் அத்தியாயமும் பேசுகிறது (16:68).

மலையடிவாரத்தில் தக்காளியும் செண்டுமல்லியும்

இந்த வழிகாட்டலைப் புரிந்துகொண்டவர்கள் அதைக் கொண்டே பயிரைக் காப்பாற்றுகிறார்கள். மலையிலிருந்து இறங்கிச் சேலம் சமவெளிக்குப் போங்கள். தக்காளி போடும் விவசாயிகளிடம் கேட்டால் காய்ப்புழுவைப் பற்றிச் சொல்வார்கள். தலையைக் காய்க்குள் நுழைத்துக்கொண்டு, உடம்பை வெளியே விட்டபடி தின்னும் பச்சைப்புழு. ஹெலிகோவெர்பா ஆர்மிஜீரா என்பது அறிவியல் பெயர். தக்காளி, பருத்தி, துவரை, கொண்டைக்கடலை என்று அது விட்டுவைக்காத பயிர் குறைவு. ஒரு தாய்ப்பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டையிடும். ஆயிரத்தைத் தாண்டுவதும் உண்டு.

அந்தத் தாய்ப்பூச்சிக்குப் பூத்திருக்கும் செடி என்றால் விருப்பம். தானும் தேன் குடிக்கலாம், மொட்டிலும் பூவருகிலும் முட்டையும் வைக்கலாம். இதை ஆராய்ந்தவர்கள் ஒரு வழி கண்டார்கள். 16 வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை உயரமான செண்டுமல்லி நட வேண்டும். தக்காளி நாற்று 25 நாள் வயதில் இருக்கும்போது, செண்டுமல்லி நாற்று 40, 45 நாள் வயதுடையதாக இருக்க வேண்டும். ஏன் இந்த வயது வித்தியாசம்? இரண்டும் ஒரே நேரத்தில் பூக்க வேண்டும் என்பதற்காக. தாய்ப்பூச்சி தக்காளியை விட்டுச் செண்டுமல்லிக்குப் போய் முட்டையிடும். இதைப் பொறிப்பயிர் என்கிறார்கள்.

இந்தப் பூவுக்குத் துலுக்கச் சாமந்தி என்றும் நம் முன்னோர் பெயர் வைத்திருக்கிறார்கள். உண்மையில் இதன் பூர்வீகம் மெக்சிகோ. பெயரில் மட்டும் நம்மோடு சேர்ந்துகொண்டது! ஆனால் வேலையில் பாருங்கள்: பக்கத்து வரிசைக்கு வரும் துன்பத்தைத் தன் மேல் வாங்கிக்கொள்கிறது. அண்டை வீட்டாருக்கு ஒரு முஸ்லிம் எப்படி இருக்க வேண்டும் என்பதை இந்தப் பூவிடம் கற்கலாம்.

ஒரு எச்சரிக்கை. செண்டுமல்லியை நட்டுவிட்டு அப்படியே விட்டுவிடக் கூடாது. முட்டையும் புழுவும் அதில் சேரும். அவ்வப்போது பார்த்து, புழு விழுந்த மொட்டையும் பூவையும் பறித்து அழிக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் அதுவே புழுக்களுக்குப் பண்ணையாகிவிடும்.

இனக்கவர்ச்சிப் பொறி என்று ஒன்றும் இருக்கிறது. பெண் பூச்சி ஆண் பூச்சியை அழைக்க விடும் மணத்தைச் செயற்கையாகச் செய்து பொறியில் வைப்பார்கள். இப்படி ஒரு மணப்பொருளை உலகில் முதன்முதலில் பிரித்து அறிந்தது 1959-இல். ஜெர்மனியின் புடெனாண்ட் என்ற விஞ்ஞானியும் அவரோடு இருந்தவர்களும் ஏறக்குறைய 5 லட்சம் பட்டுப்பூச்சிகளிலிருந்து அந்தத் துளியளவுப் பொருளை எடுத்தார்கள். காய்ப்புழுவுக்கு ஹெக்டேருக்கு 12 பொறி என்பது பரிந்துரை. பொறியில் விழும் ஆண் பூச்சிகளை எண்ணிப் பார்த்தால் தாக்குதல் எப்போது கூடுகிறது என்பது முன்கூட்டியே தெரியும். தேவையில்லாத நாளில் மருந்து அடிக்க வேண்டியிருக்காது.

எல்லாவற்றையும் கொன்றுவிடலாமா?

பூச்சியைப் பார்த்த இரவில் பெரியவர் கேட்ட முதல் கேள்வி: "ஹஜ்ரத், நாளைக்கே மருந்து அடிச்சிடட்டுமா?"

மலையாளி முதியவர் தலையை ஆட்டினார். பிறகு தோட்டக்கலை தெரிந்த ஒருவரிடம் விசாரித்தபோது அவரும் அதையே சொன்னார். இந்தப் பூச்சி இரவில் காட்டிலிருந்து வருகிறது, கொஞ்ச நேரம் பழத்தில் உட்கார்கிறது, போய்விடுகிறது. மரத்தின் மேல் அடிக்கும் மருந்தில் அது அவ்வளவாகச் சாவதில்லை. பறிக்க இருக்கும் பழத்தில்தான் விஷம் தங்கும். அதை வாங்கித் தின்பது யாரோ ஒருவருடைய பிள்ளை. தானும் தீங்குக்கு ஆளாகக் கூடாது, பிறருக்கும் தீங்கு செய்யக் கூடாது என்பது நம் மார்க்கத்தின் பெரிய அடிப்படை. ஃபிக்ஹு சட்டத்தில் எத்தனையோ கிளைகள் இந்த ஹதீஸிலிருந்து வந்தவை.

முன் சென்ற ஒரு நபியின் வரலாற்றை நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னார்கள். ஓர் எறும்பு கடித்ததற்காக அவர் எறும்புக் கூட்டத்தையே எரிக்கச் சொன்னார். கடித்தது ஓர் எறும்பு. அதற்காக இறைவனைத் துதிக்கும் ஒரு சமுதாயத்தையே எரித்துவிட்டீரே என்று அல்லாஹ் அவரைக் கண்டித்தான் (நூல்: புகாரி, முஸ்லிம்). தொல்லை தரும் பூச்சியிடமிருந்து பயிரைக் காப்பது கூடும். ஆனால் எந்த எறும்பு கடித்தது என்று பார்க்காமல் கூட்டத்தையே எரிப்பது கூடாது. பூக்கும் நேரத்தில் மருந்து அடித்தால் தேனீயும் சாகும். அந்துப்பூச்சியிலும் நல்லது செய்பவை உண்டு. பப்பாளிப் பூவுக்கு மகரந்தம் கொண்டு போவதில் இரவில் பறக்கும் பருந்து அந்துப்பூச்சிகளுக்குப் பங்கு இருக்கிறது.

இன்னும் ஒரு அதிசயம் கேளுங்கள். புழு கடித்ததும் மக்காச்சோளம் போன்ற செடிகள் ஒரு தனி மணத்தை வெளிவிடுகின்றன. அந்த மணத்தைப் பிடித்துச் சிறு குளவிகள் வந்து அந்தப் புழுவின் உடலில் முட்டையிடுகின்றன, புழு அழிகிறது. புகையிலைச் செடி ஒரு படி மேலே போகிறது. புழு கடித்த செடி இரவில் மட்டும் சில மணங்களை விடுகிறது. அவை தாய் அந்துப்பூச்சியை விரட்டுகின்றன என்று 2001-இல் கண்டறிந்தார்கள். செடிக்கு வாய் இல்லை. ஆனால் உதவி கேட்க அதற்கும் ஒரு மொழி கொடுக்கப்பட்டிருக்கிறது. கண்டபடி விஷம் அடித்தால் கூப்பிட்ட குரலுக்கு வரும் அந்தக் குளவியையும் நாமே கொன்றுவிடுகிறோம்.

அப்படியானால் என்ன செய்வது? பெரியவர் செய்ததைச் சொல்கிறேன். தோட்டத்தைச் சுற்றியிருந்த சீந்தில், கட்டுக்கொடியை வெட்டி அகற்றினார். சீந்தில் நல்ல மருந்துக்கொடி; அதன் மேல் கோபம் வேண்டாம், தோட்டத்தை விட்டுத் தள்ளி இருந்தால் போதும். விழுந்த பழத்தைத் தினமும் பொறுக்கிக் குழியில் புதைத்தார். அழுகும் பழத்தின் மணம்தானே இன்னும் பல பூச்சிகளைக் கூப்பிடுகிறது! கைக்கு எட்டிய நல்ல பழங்களுக்குப் பை கட்டினார். பொழுது சாயும் நேரத்தில் புகை மூட்டினார். பழச்சாற்றிலோ வெல்லப்பாகிலோ மருந்து கலந்து பாத்திரத்தில் வைக்கும் முறையும் இருக்கிறது. அதைச் செய்பவர்கள் அளவை அலுவலரிடம் கேட்டுச் செய்யுங்கள். பிள்ளைகளும் ஆடு மாடும் நெருங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் நம் ஏற்காட்டிலேயே இருக்கிறது. கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். அறிந்தவர்களிடம் கேளுங்கள் என்பது குர்ஆனின் கட்டளை (16:43).

வேலியில் இருந்த கொடி

சகோதரர்களே! கண்ணேறு உண்மை என்று ஹதீஸில் வந்திருக்கிறது. அதை நாம் மறுக்கவில்லை. அதற்குப் பாதுகாப்புத் தேடி ஓதுவதும் சுன்னத். ஆனால் "இன்னார்தான் கண் வைத்தார்" என்று ஆதாரம் இல்லாமல் ஒருவரைக் குறிப்பிட்டுச் சொல்வது வேறு. அது தவறான எண்ணம். எண்ணங்களில் பலவற்றை விட்டு விலகும்படியும், சில எண்ணங்கள் பாவமாகிவிடும் என்றும் அல்ஹுஜுராத் அத்தியாயம் எச்சரிக்கிறது (49:12).

ஒரு பூச்சி, மணம் விட்டுப்போனால் நேராகப் போகாமல் நின்று தேடுகிறது என்று சொன்னேன். நாம் ஆதாரம் விட்டுப்போன இடத்தில் நின்று தேடுகிறோமா? இல்லை. முன்பே மனதில் யார் மேல் வருத்தம் இருக்கிறதோ நேராக அவர் வீட்டு வாசலுக்குப் போய்விடுகிறோம்.

நாயகம் (ஸல்) அவர்கள் தம்மையும் நம்மையும் ஓர் உவமையால் விளக்கினார்கள். ஒருவர் நெருப்பு மூட்டுகிறார். விட்டில்களும் பூச்சிகளும் அதில் வந்து விழுகின்றன. அவர் தடுத்தும் மீறி விழுகின்றன. அதுபோல நாயகம் அவர்கள் நம் இடுப்பைப் பிடித்து நெருப்பிலிருந்து இழுக்கிறார்கள். நாமோ அதில் விழப் பாய்கிறோம் (நூல்: புகாரி, முஸ்லிம்). அண்ணன் தம்பி பகையும் ஒரு நெருப்புத்தான். அன்று அந்தப் பெரியவரின் இடுப்பைப் பிடித்து இழுத்திருக்க வேண்டியவன் நான். பிடிக்கவில்லை. அல்லாஹ் மன்னிப்பானாக! எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தொழிலாளி பிடித்தார்.

மறுநாள் காலை பெரியவர் தம்பி வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். என்ன பேசுவது என்று தெரியாமல் வாசலில் நின்றார். பிறகு, "டேய், என் வேலியில கொடி படர்ந்திருக்கு. வெட்டணும். அருவாள் எடுத்துட்டு வா" என்றார். அவ்வளவுதான். தம்பி ஒன்றும் கேட்கவில்லை. அரிவாளை எடுத்துக்கொண்டு வந்தார். பின்னாலேயே தம்பி மனைவி எல்லாருக்கும் டீ கொடுத்தனுப்பினார்.

ஆரம்பத்தில் ஒரு நிபந்தனை சொல்கிறேன் என்றேன். ஜுமுஆவுக்குக் குளித்து, நறுமணம் பூசி வருபவரின் இரண்டு ஜுமுஆக்களுக்கு இடைப்பட்ட பாவம் மன்னிக்கப்பட, இருவருக்கு இடையே பிரிக்காமலும் இருக்க வேண்டும் என்று அந்த ஹதீஸில் வருகிறது. பள்ளியில் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் இருவருக்கு நடுவில் புகுந்து இடைஞ்சல் தரக் கூடாது என்பது அதன் நேரடியான பொருள். உட்கார்ந்திருக்கும் இருவரை விலக்குவதற்கே இந்தக் கட்டுப்பாடு என்றால், ஒரு தாய் வயிற்றில் பிறந்த இருவரைப் பிரிப்பது எவ்வளவு பெரியது! அத்தர் பூசி வந்திருக்கிறோம். அதற்கு முன் நம் வேலியை ஒரு தரம் பார்த்துவிட்டு வந்தோமா?

யா அல்லாஹ்! எங்கள் மலையின் பூவுக்கும் பழத்துக்கும் பரக்கத் செய்வாயாக! உன் படைப்பில் நீ வைத்திருக்கும் ஒழுங்கை அறியும் அறிவையும், அறியாததைக் கேட்கும் பணிவையும் எங்களுக்குத் தருவாயாக! பயிரைக் காக்கிறோம் என்று மண்ணையும் நீரையும் அடுத்தவர் உடலையும் கெடுப்பதிலிருந்து எங்களைக் காப்பாயாக! தவறான எண்ணத்தால் பிரிந்த உறவுகளைச் சேர்த்து வைப்பாயாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.